விரத டம்ளரில் ஒரு பல்

என்னங்க,

இன்று காலை உங்கள் விரத டம்ளரில் பால் ஊற்றி, அதில் ஒரு பல்லைப் போட்டேன். நீங்கள் இருந்திருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பீர்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் அந்த டம்ளரை என்னைக் கழுவக்கூட விடமாட்டீர்கள். நீங்களே புளி போட்டுத் தேய்த்து, உங்கள் தனித் தட்டின்மேல் கவிழ்த்து வைப்பீர்கள். அடியில் பாத்திரக் கடைக்காரர் பொறித்துக் கொடுத்த உங்கள் முதலெழுத்து இன்னும் அழியவில்லை. அவசரத்தில் அலமாரிக்குள் கையை விட்டேன். அதுதான் வந்தது.

பல், மாடிப் போர்ஷன் ஷாலினியுடையது. சேலத்துப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஆபீஸ் வேன் போய்விடுமே என்று தினமும் ஓட்டமும் நடையுமாகத்தான் படி இறங்குவாள். நேற்றைய மழையில் படி பாசி பிடித்துக் கிடந்தது. வழுக்கி, கைப்பிடிக் கம்பியில் வாய் மோதி, முன்பல் ஒன்று வேரோடு கழன்று துளசித் தொட்டியடியில் விழுந்துவிட்டது. சத்தம் கேட்டு நான் ஓடினேன். நம் வீட்டு ஓனர் கௌரம்மாவும் ஓடி வந்தார். வந்தவர் பல்லைக் கையில் எடுத்து, சோப்பும் பிரஷ்ஷும் கொண்டு தேய்க்கப் பார்த்தார். நான் போட்ட அதட்டலில் அந்த அம்மா பல்லைக் கீழேயே போட்டுவிட்டார். பாவம், இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் குரல் உயர்த்தியதே இல்லை.

வேரைத் தொடாமல், வெள்ளைப் பக்கத்தை மட்டும் பிடித்து எடுத்தேன். குழாயில் லேசாக ஒரு அலசு, தேய்க்காமல். அப்படியே அந்தக் குழியில் பொருத்திக் கடித்துக்கொள்ளச் சொல்வதுதான் நல்லது. ஆனால் அவள் நடுங்கிய நடுக்கத்தில் வாயருகே கையையே கொண்டுபோக விடவில்லை. அதனால்தான் பால். ஆட்டோவில் அவளை ஒரு கையாலும் டம்ளரை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு பல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அரை மணிக்குள் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று என்றார் டாக்டர்.

"பால்ல போடணும்னு யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க?"

"எங்க வீட்டுக்காரரால கத்துக்கிட்டேன், சார்."

"அவரும் டென்டிஸ்டா?"

"இல்ல சார். பீன்யா லேத் பட்டறையில டர்னர்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை. வீடு வந்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். கார்த்திகைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. உங்களிடம் பேசாமல் இருக்க முடியவில்லை.

உங்களுடைய அந்தப் பல்லை எனக்கு நன்றாகத் தெரியும். இடது பக்கம், கீழ் வரிசையில் கடைசி. வேர்க்கடலை சாப்பிட்டால் அந்த ஓட்டையில் போய் மாட்டும், நீங்கள் என் ஹேர்பின்னைக் கேட்பீர்கள், நான் திட்டுவேன். உங்கள் கடைசி வருஷக் கோடையில் கன்னம் வீங்கிப்போய், நான்தான் இழுத்துக்கொண்டு மல்லேஸ்வரம் சம்பிகே ரோட்டில் ஒரு பல் டாக்டரிடம் காட்டினேன். "உள்ளே சீழ் கட்டியிருக்கு. மாத்திரை வீக்கத்தைத்தான் வத்த வைக்கும், பல்லைச் சரி பண்ணாது. மாத்திரையை முழுசா முடிச்சிட்டு வாங்க. வேரைச் சுத்தம் பண்ணணும், இல்ல பிடுங்கணும்," என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். தமிழில்தான் சொன்னார்.

வீக்கம் வற்றியது. மீதி மாத்திரை அப்படியே அலமாரியில் கிடந்தது. டாக்டரிடம் போகலாமா என்று நான் கேட்கும்போதெல்லாம் உங்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

"பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. அப்புறம் நீ திட்டினா நான் எப்படிப் பதில் பேசறது?"

இன்னொரு நாள் இன்னொரு பதில். "அது நம்ம மாதிரி வாடகைக்கு இருக்குது. சத்தம் போடாத வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும் விடு." கௌரம்மா காதில் விழுந்து அவரும் சிரித்தார். அன்றைக்கு நானும்தான் சிரித்தேன்.

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொண்டீர்கள். அது மூன்றாவது மலை. மூன்று மலை குறையில்லாமல் போய்வந்தால் வீட்டில் தொட்டில் ஆடும் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். யார் என்று கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை. குழந்தைப் பேச்சையே நாம் அப்போது நேருக்கு நேர் பேசுவதில்லை. கறுப்பு வேட்டியை நனைத்து உலர்த்தும்போது உங்கள் முகத்தில் இருக்கும் கவனத்தைப் பார்த்தே நான் புரிந்துகொள்வேன். பட்டறையில் தரையெல்லாம் இரும்புச் சுருள். அதில் வெறுங்காலோடு நிற்கிறீர்கள் என்று சூப்பர்வைசர் கத்தினாராம். காலில் கோணியைச் சுற்றிக்கொண்டு லேத்தில் நின்றீர்கள். அவ்வளவு பிடிவாதம்.

வீட்டுக்குள் நீங்கள் சாமி ஆகிவிட்டீர்கள். நானும் "சாமி, காபி வச்சிருக்கேன்" என்பேன். முன்னறையில் பாய் உங்களுக்கு, சமையலறையில் எனக்கு. டம்ளரைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, தரையில் வைத்து நகர்த்த வேண்டும். அந்த மண்டலம் முழுக்க என் விரல் உங்கள்மேல் படவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாட்டில் எத்தனையோ வீட்டில் இப்படித்தான் இருக்கிறார்கள், நன்றாகத்தான் திரும்பி வருகிறார்கள்.

மலைக்குப் புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது பல் மறுபடி பிடித்துக்கொண்டது. கிராம்பை நசுக்கிப் பஞ்சில் வைத்தீர்கள். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டீர்கள். டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"மாலையோட இருக்கேன். ரத்தம் சிந்தக் கூடாது. போயிட்டு வந்து பிடுங்கிக்கலாம்."

"யாரு சொன்னது அப்படி?"

"சொல்லுவாங்க."

அந்தச் "சொல்லுவாங்க" யாரென்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கோஷ்டிக் குருசாமியிடம் பின்னால் கேட்டேன். அப்படி ஒரு விதியே கிடையாது என்றார். உங்கள் பக்தியில் நீங்களே சேர்த்துக்கொண்ட சட்டம் அது.

பிறகு நடந்ததை நான் எத்தனையோ முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நீங்கள் சாப்பாட்டைக் குறைத்தீர்கள். விரதத்தில் ஒருவேளைச் சோறுதானே, மலை நெருங்குகிறது, விரதத்தை இறுக்குகிறார் என்று நினைத்தேன். வாய் ஒரு விரலுக்குமேல் திறக்கவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும். உங்கள் குரல் மாறியது, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். கௌரம்மாகூட வாசலில் நிறுத்தி, "ஏன் ஸ்வாமி, கண்டலு கட்டிதெயா?" என்று கன்னடத்தில் கேட்டார். தொண்டை கட்டாமல் என்ன செய்யும், தினமும் பஜனையில் அடித்தொண்டையில் சரணம் போட்டால், என்று நான்தான் பதில் சொன்னேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

விடியற்காலையில் நான் கோலம் போட எழுந்து வந்தால், பாயில் படுக்காமல் படத்துக்கு எதிரே சுவரில் சாய்ந்து, முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பீர்கள். தியானம் என்று நினைத்துச் சத்தம் காட்டாமல் தாண்டிப் போனேன். படுத்தால் மூச்சு முட்டியிருக்கிறது. கண் சிவந்திருந்தது, மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீர்க் குளியல் என்று நினைத்தேன். உடம்பு நெருப்பாகக் கொதித்திருக்கிறது. தொட்டால்தானே தெரியும். எல்லாவற்றையும் மூடிக்கொண்டு அந்தத் தாடி. கன்னம் பூசினமாதிரி தெரிந்தது, தாடி அடர்ந்தால் அப்படித்தான் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு அடையாளமும் விரதத்தின் வேஷம் போட்டுக்கொண்டு என் எதிரிலேயே நடமாடியிருக்கிறது. வேறு மாதமாக இருந்திருந்தால், மழுங்கச் சிரைத்த முகமாக இருந்திருந்தால், நீங்கள் சோறு வேண்டாம் என்ற முதல் நாளே உங்களைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருப்பேன். கோடையில் செய்தேனே.

இருமுடி கட்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், குருசாமி வீட்டில் பூஜை. ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், அதிகம் பேசாதவர். பூஜை முடிந்து எல்லாருக்கும் தொன்னையில் பாயசம் கொடுத்தார்கள். நீங்கள் வாயில் வைத்தீர்கள். அது உள்ளே போகாமல் தாடி வழியே வழிந்தது. துண்டால் துடைத்தீர்கள். அந்தத் துண்டு அதற்கு முன்பே நனைந்திருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் அதில் துப்பிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். குருசாமிதான் பார்த்தார்.

"சாமி, வாயைத் தொறங்க."

நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

"தொறங்க சாமி."

கொஞ்சம்தான் திறந்தது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது, அடியில் ஏதோ அதை நெம்பி வைத்திருக்கிறமாதிரி. குருசாமியின் முகம் மாறிவிட்டது. "மாலையைக் கழட்டிடறேன் சாமி. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க," என்றார். நீங்கள் மாலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள். நாளைக்கு இருமுடி என்று விரலால் காட்டினீர்கள். பேச்சு வரவில்லை.

"உடம்பு இருந்தாத்தான் சாமி மலை. ஐயப்பன் எங்கயும் போயிட மாட்டாரு. கையை எடுங்க," என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். சரணம் சொல்லிக் கழற்றினார். படத்துக்குப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, இனிமே நீங்க பிடிச்சுக்கலாம்," என்றார்.

நான் பிடித்தேன். தாடிக்குள் கையை விட்டு, தாடைக்கு அடியில் தொட்டேன். சதை அங்கே இல்லை. மரக்கட்டை. ஒரு காதிலிருந்து மறு காதுவரை சுடுகிற மரக்கட்டை. வீக்கம் என்றால் அமுக்கினால் குழியும், அது குழியவில்லை. ஒரு மண்டலம் கழித்து என் புருஷனைத் தொட்டேன், என் கைக்குக் கிடைத்தது அதுதான்.

ஆட்டோவில் உங்களால் சாய முடியவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக் குனிந்தபடி, மூச்சை இழுத்து இழுத்து வாங்கினீர்கள். பக்கத்தில் இருந்த நர்சிங் ஹோமில் பார்த்த டாக்டர் கையே வைக்கவில்லை. "இங்கே ஆகாதும்மா. மூச்சுக்கு வழி பண்றதுக்கு இங்கே ஆள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு, பேக ஹோகி, சீக்கிரம் போங்க," என்றார். மறுபடி ஆட்டோ. சிக்னலில் நிற்கும்போது என் பக்கம் திரும்பி, "மாலை?" என்று கேட்டீர்கள். அந்தக் குரல் உங்கள் குரலே இல்லை. "படத்துல பத்திரமா இருக்கு. சரியாப் போனதும் போட்டுக்கலாம்," என்றேன். நாம் பேசிக்கொண்டது அவ்வளவுதான். உங்களைப் பற்றிக் கேட்கவில்லை, என்னைப் பற்றிக் கேட்கவில்லை, மாலையைக் கேட்டீர்கள். இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் தாடியைச் சிரைத்தார்கள். கதவு இடுக்கில் பார்த்தேன். கழுத்து என்று ஒன்று தெரியவில்லை. தாடையும் நெஞ்சும் ஒன்றாகிவிட்டிருந்தது, தோல் சிவந்து மினுமினுத்தது. தொண்டையில் துளை போட்டு மூச்சுக் கொடுத்தார்கள், சீழை வடித்தார்கள், ஊசிமேல் ஊசி போட்டார்கள். சீழ் அதற்குள் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்று மறுநாள் மத்தியானம் வந்து சொன்னார்கள். உங்கள் கோஷ்டி பஸ் ஏறுகிற நேரம் அது. அவர்கள் ஏறவில்லை, எல்லாரும் ஆஸ்பத்திரி வாசலில் கறுப்பு வேட்டியோடு நின்றிருந்தார்கள்.

"பல்லு வலியில எவனாவது சாவானா?" ஆஸ்டின் டவுனிலிருந்து வந்த என் அண்ணன் கேட்டது. வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் கேட்டார்கள். உங்கள் அக்கா வாணியம்பாடியிலிருந்து வந்து இறங்கியதுமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மலைக்குப் போற மாலையை நடுவுல கழட்டினா சாமி சும்மா விடுமா? கழட்டின கை வெளங்குமா?" குருசாமி வாசல் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். அவர் காதில் விழுந்தது. உங்களைக் காப்பாற்ற முதலில் கை நீட்டிய மனிதர் அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் இருமுடி கட்டவில்லை, போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். பீன்யாவில் உங்களுக்கு ஹார்ட் அட்டாக் என்று பேசிக்கொண்டார்கள். சொல்லிச் சொல்லிப் பார்த்து நானும் ஓய்ந்துபோய், கேட்டவர்களிடம் ஹார்ட் அட்டாக் என்றே சொல்ல ஆரம்பித்தேன். உங்கள் சாவுக்கு அதன் சொந்தப் பெயர்கூடக் கிடைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் அந்த ஆஸ்பத்திரிக்கு மறுபடி போனேன். உங்களைப் பார்த்துக்கொண்ட சின்ன வயது டாக்டரம்மா வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கன்னடம் பாதி, தமிழ் பாதி. பல்லில் இருக்கிற சீழ் கீழ்த்தாடை வழியாக நாக்குக்கு அடியில் இறங்கினால், பிறகு அது பல் வலி இல்லை, மூச்சு அடைக்கிற நோய் என்றார். பல் சும்மா வலித்தால் மறுநாள் பல் டாக்டரைப் பார்க்கலாம். கன்னம் வீங்கினால் அன்றைக்கே பார்க்க வேண்டும். தாடைக்கு அடியில் வீக்கம், வாய் திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, குரல் மாறுகிறது, படுக்க முடியவில்லை, இதில் ஒன்று இருந்தாலும் பல் டாக்டர் கிளினிக் திறக்கும்வரைகூடக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் தலையை ஆட்டினேன். ஒன்றுவிடாமல் எல்லாம் நம் வீட்டில் நடந்தது. ஒருநாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பின் நான் விடவில்லை. எந்தப் பல் டாக்டர் வாசலிலும் ஏறிக் கேட்பேன். விழுந்த பல்லைப் பாலில் போடச் சொன்னது, ஈறில் மாத்திரையை வைத்தால் வெந்துவிடும் என்றது, வீங்கின கன்னத்துக்குச் சூட்டு ஒத்தடம் வேண்டாம் என்றது, கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே என்றது, எல்லாம் அப்படிக் கேட்டதுதான். தெருவில் எனக்குப் பல்லம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும்.

கார்த்திகை வந்தால் கோவில் வாசலில் நிற்பேன். கறுப்பு வேட்டியும் தாடியுமாக வருகிறவர்களிடம் போய், "சாமி, பல்லுல வலி இருக்குதா? எச்சில் முழுங்க முடியுதா?" என்று கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர், அம்மாவுக்குக் கொஞ்சம் சரியில்லை என்று ஒதுங்கிப் போவார்கள். தொட்டுப் பார்த்தால் எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் விரதத்தில் இருப்பவர்களை நான் தொடக் கூடாது. அதனால் வாயால் கேட்கிறேன், அவர்களும் வாயால் ஒன்றுமில்லை என்கிறார்கள். நீங்களும் அப்படித்தானே சொன்னீர்கள்.

இதனால் மனசு ஆறுகிறதா என்றால் இல்லை. யாரோ ஒரு பெண்ணின் பல் பிழைக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய? தொட்டில் ஆடவில்லை. முன்னறைப் பாயைச் சுருட்டினது சுருட்டினபடி இருக்கிறது. கௌரம்மா வாடகையை ஏற்றாமல் விட்டிருக்கிறார், அதுகூட எனக்கு வலிக்கிறது.

சற்றுமுன் ஷாலினி இறங்கி வந்தாள். பல்லைப் பொருத்திக் கம்பி கட்டியிருக்கிறார்கள், ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிக்கை கொடுத்தார்களாம். உதடு தடித்துப்போய், "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்பதையே கஷ்டப்பட்டுச் சொன்னாள். அவளைக் கேட்காமலே தாடைக்கு அடியில் கை வைத்துப் பார்த்தேன், பழக்கம். மெத்தென்று இருந்தது, இளஞ்சூடு. சரி, போய்ப் படு என்று அனுப்பினேன்.

அவள் போன பிறகு அந்தக் கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் கன்னமும் ஒரு காலத்தில் அப்படித்தானே மெத்தென்று இருந்திருக்கும். கல்யாணமான புதிதில், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சவரம் செய்துகொண்டு வந்ததும் தொட்டுப் பார்த்துக் கேலி செய்திருக்கிறேன். தொட்டது நினைவிருக்கிறது, நீங்கள் வெட்கப்பட்டது நினைவிருக்கிறது. எப்படி இருந்தது என்பது மட்டும் வரவில்லை. கண்ணை மூடி, கையை நீட்டி, எவ்வளவு நேரம் தேடினாலும் வரவில்லை. என் கையில் அந்த மரக்கட்டை ஒன்றுதான் இருக்கிறது.